ஹொக்கைடோவுக்கு மூட்டை கட்டுகிறோம்: ஒரு திருப்பூர் நாட்குறிப்பு

ஞாயிறு, காதர்பேட்டை

பனியன் ஊரில் பிறந்து, பனியன் கம்பெனியிலேயே மெர்ச்சண்டைசராக வேலை பார்த்துக்கொண்டு, குளிருக்கு உள்ளே போட ஒரு சட்டை கிடைக்காமல் அலைகிறேன் என்றால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிப்ரவரியில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் போகிறோம், பறவைகளைப் படம் எடுக்க. நான், தம்பி, அப்புறம் பொள்ளாச்சி அண்ணன். சுருய் கிராமத்தில் பெருங்கொக்குகள், குஷாரோ ஏரியில் அன்னங்கள், ரவுசு துறைமுகத்துக்கு வெளியே மிதந்து வரும் கடல் பனிக்கட்டிகளின் மேல் ஸ்டெல்லர் கடற்கழுகுகள். சுருயில் பிப்ரவரி விடியற்காலை மைனஸ் 20 வரைகூட இறங்கும். நாங்களோ மார்கழியில் காலை 19 டிகிரி என்றாலே மப்ளர் தேடுகிற ஆட்கள்.

பொள்ளாச்சி அண்ணன் தென்னந்தோப்புக்காரர், முன்பே அங்கே போய் வந்தவர். அவர் போட்ட முதல் கட்டளை: "பருத்தி ஒரு இழைகூட ஒடம்புல படக் கூடாது அம்மிணி." திருப்பூர்க்காரியிடம் இதைச் சொல்லத் தனி தைரியம் வேண்டும். ஆனால் அவர் சொல்வது எங்கள் லேபில் தினமும் புழங்குகிற கணக்குதான். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும், பாலியெஸ்டர் வெறும் 0.4. வியர்த்தால் பருத்தி அத்தனையும் குடித்துவிட்டு லேசில் காயாது. சித்திரை வெயிலில் அது சுகம், பனியில் அசையாமல் நிற்கும்போது அதே ஈரம் உடம்புச் சூட்டை உருவிக்கொண்டே இருக்கும். கம்பளிதான் விசித்திரம். அதன் கணக்கு 16 சதவீதம், பருத்தியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஈரம் இழைக்குள்ளே போய்விடும், மேல்பரப்பு சட்டென்று நனையாது, ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். ஆகவே உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் பொசுபொசுவென்ற பாலியெஸ்டர் துணியான ஃப்ளீஸ், அதற்கு மேல் வாத்து இறகு அடைத்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்று புகாத மேலுறை ஒன்று.

ஃப்ளீஸ் மட்டும் எங்கள் ஊர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையில் எடுத்துவிடலாம் என்று போனேன். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் தொட்டுப் பார்த்தால் எல்லாமே பொசுபொசுவென்றுதான் இருக்கிறது. லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்கிறார்கள், கடைக்காரர் எதைக் கேட்டாலும் "ப்யூர் பாலியெஸ்டர்ங்க" என்கிறார். சரி என்று தையல் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, லைட்டரைப் பற்ற வைத்தேன். முதல் துணி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பறக்கிற சாம்பலானது. பருத்தி. அடுத்தது ஒரு பக்கம் உருகிக் கருத்து, இன்னொரு பக்கம் சாம்பல், ஆக மிக்சிங். மூன்றாவதுதான் சுருண்டு உருகி நுனியில் கெட்டியான கரு மணியாக நின்றது. "ஏனுங்க, கடைக்குள்ள தீ வெக்கறீங்களே, இது பூராம் துணிங்க!" என்று கடைக்காரர் பதறினாலும், கடைசியில் அவரே இன்னொரு ரகத்தை எடுத்துக்கொண்டு வந்து "இதையும் பாத்துச் சொல்லுங்" என்று நீட்டினார். அதுவும் மிக்சிங்தான்.

மெரினோ இங்கே கிடைக்கவில்லை. கோவை டெகாத்லானில் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அதிலும் ஒரு நூலை உருவிப் பற்ற வைத்தேன். மயிர் கருகிய நாற்றம், தீயை எடுத்ததும் தானாக அணைந்தது. திருப்தி.

செவ்வாய், மில்

இன்று கொஞ்சம்தான். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கொக்கு என்றால் கேமரா ஏமாந்துவிடும். எதைக் காட்டினாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறமாக நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளப்பதுதான் அதன் மீட்டருக்குத் தெரியும், அதனால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். பழகிக்கொள்ளப் பனிக்கு எங்கே போவது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் யூனிட்டில் ப்ளீச் ஆகி வந்த துணி ரோல்களை வெயிலில் வரிசையாக வைக்கச் சொல்லி, அதன் நடுவில் ஒரு கறுப்பு ரிப் துணியைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். அந்தக் கொக்குக்குக் கழுத்தும் இறக்கையின் பின்னோரமும் கறுப்பு, உடம்பு பூராவும் வெள்ளை. இரண்டிலும் விவரம் தெரிய வேண்டும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டுகிற அளவை, பிளஸ் 1-லிருந்து பிளஸ் 1.7 வரை ஏற்றி ஏற்றிப் பார்த்ததில், பிளஸ் 1.3-க்குப் பக்கத்தில் துணி வெள்ளையாகவே நின்றது, இழையும் தெரிந்தது. அதற்கு மேல் போனால் வெயில் நேராகப் படும் மடிப்புகள் வெந்துபோகின்றன. அங்கே வெளிச்சம் வேறு, வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பிறகு திருத்த வசதியான RAW ஃபைலாகத்தான் எடுக்கப் போகிறோம். ஆனாலும் விரல் அந்த டயலைப் பார்க்காமலே திருப்பப் பழகிவிட்டது, கையுறையோடு நிற்கும்போது அதுதான் வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் வந்து, "ஷேடு கம்ப்ளெயின்டுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழன், ஈரோடு, ஐஸ்கிரீம் குடோன்

இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யோசனை என்னுடையது. தம்பியின் சிநேகிதர் ஒருவர் ஈரோட்டில் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய குளிர் அறையில் மைனஸ் 20. ஹொக்கைடோ விடியற்காலை ஈரோட்டிலேயே வாடகையில்லாமல் கிடைக்கும்போது சும்மா விடலாமா? வெளியே ஒரு ஆள் கதவுப் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும், உள்ளே இருப்பவர் கூப்பிட்டால் திறக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு போனோம்.

உள்ளே போனதும் முதலில் மூக்கு. மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் ஒட்டிக்கொள்கிறது. தம்பி இருமினான். குல்ஃபிப் பெட்டிகளுக்கு நடுவில் ட்ரைபாடை விரித்துக் கேமராவை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் பின்திரை மந்தமானது, படத்தைத் தள்ளினால் இழுத்துக்கொண்டே வருகிறது. ட்ரைபாட் தலையில் உள்ள கிரீஸ் இறுகி, பந்து திரும்ப மறுத்தது. மூச்சு பட்டு வ்யூஃபைண்டர் கண்ணாடி வெள்ளையாகி அப்படியே உறைந்தும் விட்டது, அதைத் துடைக்கத் துணி போதாது, சுரண்ட வேண்டியிருந்தது. மூச்சை ஒரு பக்கமாக விடப் பழக வேண்டும், இல்லை மாஸ்க் போட வேண்டும்.

பேட்டரி எதிர்பார்த்ததுதான். லித்தியம் அயன் பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன வேலை குளிரில் மெதுவாகிவிடும், உள்ளே மின்சாரம் இருந்தும் வெளியே தர முடியாது. பழைய பேட்டரி ஒன்று அரை மணிகூடத் தாங்காமல் சிவப்புக்கு வந்தது. அதைக் கழற்றி உள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து சூடானதும் திரும்பப் போட்டால் பாதிக்கு மேல் காட்டுகிறது. அண்ணன் சொன்னதும் இதுதான்: கேமராவில் ஒன்று, உடம்புச் சூட்டில் இரண்டு, மாற்றி மாற்றிப் போடு.

ஆனால் நாங்கள் போனதே வெளியே வரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கத்தான். கேமராவிலிருந்து கார்டையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, லென்சோடு சேர்த்துப் பெரிய ஜிப்லாக் பையில் போட்டு, குளிர் அறைக்குள்ளேயே இறுக்கி மூடினேன். பலி கொடுக்கவென்றே கொண்டு போன பழைய கிட் லென்ஸ் ஒன்றைப் பை இல்லாமல் கையில் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து ஈரோட்டு மதியத்துக்குள் காலை வைத்ததுதான் தாமதம், அந்த லென்ஸ் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கோலி சோடா மாதிரி வியர்த்தது. முதலில் வெண் புகை பூசியது, அப்புறம் சொட்டுச் சொட்டாக இறங்கி ஃபோகஸ் வளையத்தின் இடுக்குக்குள் போனது. வெளிப்புறத்தைத் துடைத்துவிடலாம். உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவில் படிந்த புகையை எந்தத் துணியால் துடைப்பது? திருப்பூர் வந்து சேரும் வரைக்கும் அது விலகவே இல்லை.

பையில் போட்ட கேமரா? பைக்கு வெளியே தண்ணீர் ஓடியது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. பைக்குள் மாட்டியிருப்பது குளிர் அறையின் காய்ந்த காற்று, அதில் வடிவதற்கு ஈரமே கிடையாது. வெளிக்காற்றின் ஈரம் பிளாஸ்டிக்கிலேயே படிந்து முடிந்துவிடுகிறது. கேமரா அறைச் சூட்டுக்கு வரும் வரை, இரண்டு மணி நேரமாவது, பையைத் திறக்கக் கூடாது. அங்கே விடுதி அறைக்குள் ஹீட்டர் எரியும், கெட்டிலில் வெந்நீர் கொதிக்கும், வெந்நீர் ஊற்று விடுதி என்றால் தாழ்வாரம் பூராம் ஆவி. இப்போது எனக்கு மைனஸ் 20-ஐ நினைத்தால் அவ்வளவு பயமில்லை. அந்த விடுதிக் கதவை நினைத்தால்தான் பயம்.

கிளம்பும்போது சிநேகிதர் ஆளுக்கொரு குச்சி ஐஸ் கொடுத்தார். யாரும் சாப்பிடவில்லை.

சனி, தலைகுந்தா

ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பி, அவிநாசி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டி தாண்டித் தலைகுந்தா. ஜனவரி உறைபனிக்கு இந்தப் பள்ளத்தாக்குப் புல்வெளிகள் பேர் போனவை. விடிவதற்குள் புல் பூராம் உப்புத் தூவியதாகிவிட்டிருந்தது. பூஜ்யத்தை ஒட்டிய குளிர்தான், ஹொக்கைடோவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் உடுப்புக்கு ஒத்திகை வேண்டும்.

ட்ரெக்கிங் போகிறவர்கள் எழுதும் உடுப்புப் பட்டியல்களை நம்பிப் படம் எடுக்கப் போனால் மாட்டிக்கொள்வோம் என்பது இங்கேதான் புரிந்தது. அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், உடம்பு சூடு போட்டுக்கொண்டே இருக்கும். நாம் பையும் ட்ரைபாடும் சுமந்து மேடேறி வியர்த்துவிட்டு, அப்புறம் ரெண்டு மணி நேரம் மரம் போல நிற்கிறோம். தம்பி இறகு ஜாக்கெட்டைக் காரிலேயே போட்டுக்கொண்டு ஏறினான். மேலே போய்ச் சேர்ந்த கால் மணியில் முதுகு ஈரம் சில்லிட்டு நடுங்க ஆரம்பித்தான். அண்ணன் ஜாக்கெட்டைப் பையிலேயே வைத்து, ஃப்ளீஸோடு லேசாகக் குளிர குளிர நடந்து, நின்ற பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார். "நடக்கையில கொஞ்சம் குளிரோணும் தம்பி. வேர்த்துட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு." இறகும் நனைந்தால் பொசுபொசுப்பு அமுங்கிவிடும், சூட்டைப் பிடித்து வைப்பது அந்தப் பொசுபொசுப்புக்குள் இருக்கிற காற்றுதான்.

காலுக்கு அவர் செய்த வித்தை எனக்குப் பிடித்திருந்தது. பழைய யோகா மேட்டில் சதுரமாக வெட்டிய ஒரு துண்டு. அதன் மேல் நின்றால் தரையின் குளிர் பூட்ஸ் அடியில் ஏறவில்லை. நம்பாமல் இறங்கி நின்று பார்த்தேன், வித்தியாசம் சட்டென்று தெரிகிறது. பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. இறுக்கமான பூட்ஸுக்குள் ரெண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும்.

கையுறைதான் இன்னும் சரியாக அமையவில்லை. ஆன்லைனில் வாங்கியது படத்தில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று, திருப்பி எடுக்கவும் ஆளில்லை. மெல்லிய மெரினோ உள்ளுறை, மேலே விரல் மூடி திறக்கிற மிட்டன் என்று முடிவாகியிருக்கிறது. ரவுசு படகில் இது முக்கியம். மைனஸ் 10-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. கழுகு பறக்கும்போது ஒரு நொடியில் 2000-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில் பிடிக்க வேண்டும், இறக்கை விரித்தால் ரெண்டு மீட்டருக்கு மேல் போகிற பறவை அது. அந்த நேரத்தில் விரல் வேலை செய்யாவிட்டால் இவ்வளவு தூரம் போனது எதற்கு?

கீழே டீக்கடையில் அண்ணன் தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தார், எண்ணெய் அசையவில்லை. தன் தோப்பு எண்ணெய் 24 டிகிரியிலேயே உறைகிறது என்று அவருக்குத்தான் வருத்தம். உதட்டுக்கும் கைக்கும் வாஸ்லின் போதும்.

திங்கள், அமுச்சி வீடு

உடுமலைப் பக்கம் அமுச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், சொல்லிவிட்டு வரப் போனேன். "ஏஞ்சாமி, நம்ம நஞ்சராயன் கொளத்துல இல்லாத கொக்கா? அதுக்கு ஜப்பானுக்குப் போவோணுமா?" நியாயமான கேள்வி. நான் கேமரா பிடிக்கப் பழகினதே திருப்பூர் நஞ்சராயன் குளத்துக் கரையில்தான், பட்டைத்தலை வாத்து இமயமலை தாண்டி அங்கே வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியமே பிடித்தது. 2024-ல் அதற்கு உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. நாங்கள் போகிற ஹொக்கைடோவின் குஷிரோ சதுப்பு நிலம் 1980-லேயே ஜப்பானின் முதல் ராம்சார் தலம்.

அந்தக் கொக்குக் கதையை அமுச்சிக்குச் சொன்னேன். வேட்டையாடியும் சதுப்பை அழித்தும் ஹொக்கைடோவில் இனமே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், 1924-ல் குஷிரோ சதுப்பில் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரிந்தது. 1952-ல் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். அந்த வருசங்களின் கடுங்குளிரில் ஊர்க்காரர்கள் தீவனம் போட ஆரம்பித்து, இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகிவிட்டன. "என்ன போட்டாங்க?" மக்காச்சோளம் என்றேன். அமுச்சிக்குச் சட்டென்று பிடித்துப்போனது, உடுமலையில் அதுதானே வெள்ளாமை. "அப்ப நல்ல சனந்தான்" என்று சொல்லிவிட்டு, பருப்புப் பொடியும் தேங்காய்ப்பால் முறுக்கும் கட்டிக் கொடுத்தார். கருவாடும் எடுத்தார், நான் வேண்டாமென்றேன், விமானத்தில் வாசத்துக்கு யார் பதில் சொல்வது. இறைச்சி, பழம், பச்சைக் கறிவேப்பிலை எதுவும் ஜப்பானுக்குள் கொண்டு போக முடியாது.

மாத்திரைப் பெட்டியையும் அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளுக்கு ஜப்பானில் தடை, நம் வீடுகளில் சாதாரணமாகக் கிடப்பதை அப்படியே அள்ளிப் போட்டுப் போகக் கூடாது.

புதன் இரவு, பெட்டி

கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பியாயிற்று. இவர் தாண்டித் தாண்டிப் போகிறார், ஒன்றும் சொல்லவில்லை, பார்வை மட்டும் சொல்கிறது.

கைப்பெட்டிக்கு எங்கள் டிக்கெட்டில் 10 கிலோ. கேமரா, லென்ஸ், பேட்டரி எல்லாம் அதில்தான். உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, பவர் பேங்க்கும் அப்படியே. ஒன்றின் மின்சாரக் கொள்ளளவு 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேமரா பேட்டரிகள் 16 சொச்சம்தான். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வருகிறது. பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி ஒவ்வொன்றும் தனி உறையில். கார்பன் ட்ரைபாட் செக்-இன்னில், இறகு ஜாக்கெட்டால் சுற்றி. கால்களில் சைக்கிள் ஹேண்டில் ஃபோம் சுற்றியாயிற்று, குளிரில் வெறுங்கை படாமலிருக்க. பூட்ஸ்தான் பெரிய எடை, அதைக் காலிலேயே போட்டுக்கொண்டு போகிறேன். ஜிப்லாக் பைகள் கேமரா உள்ளே போகிற அளவில் தேடித் தேடி வாங்கியது, சிலிக்கா ஜெல் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் கேட்டு வாங்கினேன், பனியன் பெட்டிக்குள் போடுகிற அதே பொட்டலம்தான்.

கை சூடேற்றும் பொட்டலம் மட்டும் இங்கே வாங்கவில்லை. உள்ளே இரும்புத் தூள், காற்றுப் பட்டால் துருப்பிடிக்கிற சூடுதான் அது. ஜப்பானில் கைரோ என்று எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

வெள்ளி, கோவை விமான நிலையம்

முப்பது டிகிரியில் பனி பூட்ஸ் போட்ட மூன்று பேரைப் பீளமேடு வேடிக்கை பார்த்தது. சுங்கத்தில் கேமரா, லென்ஸ் சீரியல் நம்பர்களைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கினோம். திரும்பி வரும்போது அங்கே வாங்கினது என்று வரி கேட்டால் காட்ட இந்தக் காகிதம் வேண்டும். பில்லும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. பாதுகாப்புச் சோதனையில் பேட்டரி எல்லாவற்றையும் தட்டில் கொட்டச் சொன்னார்கள். முறுக்கையும் திறந்து பார்த்தார்கள்.

அண்ணன் தன் பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை மூன்றாவது தடவையாகத் தடவிப் பார்த்துக்கொண்டார். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஆர்டிஓ ஆபீசில் கொடுப்பது, ஜப்பானில் செல்லும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் அவருக்குக் கவலை ரோட்டுப் பனியும் குறுக்கே வரும் மான்களும் மட்டும்.

சனி இரவு, குஷிரோ

சிங்கப்பூர், ஹனேடா, குஷிரோ. தூக்கம் சரியாக இல்லை. விமான நிலையத்துக்கு வெளியே கதவு திறந்ததும் மூக்கு ஒட்டியது, தம்பி "ஈரோடு!" என்றான்.

வாடகைக் காரில் பனி டயர் போட்டே கொடுத்தார்கள். வழியில் கைரோ வாங்கியாயிற்று. இங்கே 100 வோல்ட், தட்டையான ரெண்டு முள் பிளக். நம் சார்ஜர்கள் 100-லிருந்து 240 வரை எடுத்துக்கொள்ளும், முள்ளுக்கு மட்டும் அடாப்டர். வானிலையில் நாளைக் காலை சுருய்க்கு மைனஸ் 17, காற்று இல்லை. ஊற்றுத் தண்ணீர் கலப்பதால் செட்சுரி ஆறு உறையாது, இப்படிக் குளிர்ந்தால் ஆவி பறக்கும், கொக்குகள் ராத்தங்குவது அந்தத் தண்ணீரில்தான். ஓட்டோவா பாலத்தின் மேல் நின்று பார்க்க வேண்டும், ஆறேகால் வாக்கில் சூரியன், நாலரைக்கே போய் இடம் பிடித்தால்தான் உண்டு என்கிறார் அண்ணன். பேட்டரி சார்ஜில் இருக்கிறது. ஜிப்லாக் பையை மடித்துக் கோட் பாக்கெட்டில் வைத்துவிட்டேன், அறைக்குள் இருந்தால் மறந்துவிடும்.